ரீவயரிங் பண்ணப்புறம் பத்மினி: சாவிய விட்டா அணைஞ்சுடுது

பத்மினி86:
1986 மாடல் பிரீமியர் பத்மினிங்க, அப்பா செகண்ட்ஸ்ல வாங்கினது. வயரெல்லாம் மேல்தோல் உதிர்ந்து போச்சுன்னு போன மாசம் ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டு முழுசா ரீவயரிங் பண்ணேன். அதுல இருந்து செல்ஃப் அடிக்கறப்ப நல்லா பிடிக்குது, சாவிய விட்ட அடுத்த நொடி அணைஞ்சுடுது. பெட்ரோல் வருது, பாயின்ட் (இன்ஜின் சுத்தறப்ப திறந்து மூடி காயில் கரண்ட விட்டு விட்டு குடுக்கற முனை) புதுசு. ஸ்பார்க்குக்கு வோல்டேஜ ஏத்தற காயில் பக்கத்துல வெள்ளையா ஒரு செராமிக் கட்டி இருக்கு, முன்னாடி வெச்சிருந்தவர் காயிலோட சேர்த்து மாட்டினதாம்.

ஸ்பேனர்செட்:
இக்னிஷன் ஸ்விட்ச் போயிடுச்சுங்க, மாத்துங்க. அந்த செராமிக்க கழட்டி போட்டுட்டு காயிலுக்கு நேரா 12 வோல்ட் குடுங்க. என் வண்டி ஆறு வருஷமா அப்படித்தான் ஓடுது, ஒரு நாள் நடுரோட்ல நின்னதில்ல.

கடைசிஃபியூஸ்:
ஒண்ணுமே அளக்காம ஸ்விட்ச்சுன்னு எப்படி சொல்றீங்க? அது பேலஸ்ட் ரெசிஸ்டர், காயிலுக்குப் போற கரண்ட குறைக்கறது. செல்ஃப் இழுக்கறப்ப பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிடும், ஸ்பார்க் வீக் ஆகிடக்கூடாதுன்னு அப்ப மட்டும் ஒரு பைபாஸ் வயர் காயிலுக்கு நேரா கரண்ட் குடுக்கும், சாவிய விட்டதும் அது கட் ஆகி ரெசிஸ்டர் வழியா வரணும். இவருக்கு அந்த ரெண்டாவது வழிதான் செத்துப் போயிருக்கு. ரீவயரிங்ல அந்த வயர சேர்க்காம விட்டிருப்பாங்க, எனக்கு சந்தேகமே இல்ல.

ஸ்பேனர்செட்:
ஃப்ரெண்டு வண்டியில நானே மீட்டர் வெச்சு பார்த்திருக்கேன், ரெசிஸ்டருக்கு இந்தப் பக்கமும் 12.4 அந்தப் பக்கமும் 12.4. குறைக்கவே இல்லாத ரெசிஸ்டர் எதுக்கு?

கடைசிஃபியூஸ்:
அப்ப பாயின்ட் திறந்திருந்திருக்கும். கரண்ட் ஓடலன்னா எந்த ரெசிஸ்டரும் வோல்டேஜ குறைக்காது. இன்ஜின கையால சுத்தி பாயின்ட் மூடின நிலையில வெச்சு அளந்தீங்கன்னா பாதிக்குப் பக்கத்துல இறங்கியிருக்கும். பத்மினி சார், நீங்களும் அப்படியே பாருங்க, ஆனா சாவிய ரொம்ப நேரம் ஆன்ல விடாதீங்க, காயில் சூடாகிடும்.

பத்மினி86:
பார்த்துட்டேங்க. பாயின்ட் மூடி, சாவி ஆன், ரெசிஸ்டருக்குள்ள போற பக்கம் 12.3, வெளிய வர்ற பக்கம் பூஜ்யம். கழட்டிப் பார்த்தா பின்பக்கம் குறுக்கால விரிசல். காயில் 1.5 ஓம் காட்டுது.

கடைசிஃபியூஸ்:
அப்ப வயர சேர்க்கலன்னு நான் அடிச்சு சொன்னது தப்புங்க, வயர் இருக்கு, ஸ்விட்ச்சும் நல்லாருக்கு. கிளாம்ப திரும்ப இறுக்கறப்ப செராமிக் உடைஞ்சிருக்கணும். ஆனா நேரா மட்டும் குடுத்துடாதீங்க. இன்ஜின் ஓடறப்ப 14 வோல்ட் வரும், 1.5 ஓம் காயில் மட்டும்னா பாயின்ட் மூடியிருக்கறப்ப 9 ஆம்பியர் வரைக்கும் போகும், ரெசிஸ்டரும் சேர்ந்து 3 ஓம் ஆகிட்டா நாலரைதான். அந்த 9 ஆம்பியர்ல பாயின்ட் கருகி குழி விழுந்துடும், காயில் கை வைக்க முடியாத சூடாகும், நெடுந்தூரம் போறப்ப வெயில்ல எங்கயாவது நின்னுடும். ஸ்பேனர் சார், உங்க காயில ரெண்டு வயரையும் கழட்டிட்டு அளந்து சொல்லுங்களேன்.

ஸ்பேனர்செட்:
அளந்தேன், 3.1. சரி, என் வண்டி ரெசிஸ்டர் இல்லாம ஓடறதுக்கு காரணம் அதுதான், ஒத்துக்கறேன். ஆனாலும் சொல்றேன், ரெசிஸ்டர் தேடி அலையறதுக்கு இவரும் 3 ஓம் காயில் ஒண்ணு மாட்டிட்டா கெட்டுப்போறதுக்கு ஒரு பொருள் குறையுது.

கடைசிஃபியூஸ்:
காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்றதுக்கு பேலஸ்ட்தான் நல்லதுன்னு நான் இன்னும் சொல்வேன். ஆனா உங்க வழியும் சரியானதுதான்.

பத்மினி86:
பக்கத்து கடையில 3 ஓம் காயில்தான் இருக்காம், அதையே வாங்கறேன். ரெசிஸ்டருக்கு வந்த வயர காயில் பிளஸ்ல குடுத்துடறேன். அந்த பைபாஸ் வயர் அப்படியே இருக்கலாமா?

கடைசிஃபியூஸ்:
வேண்டாம், ரெண்டு முனையும் கழட்டி டேப் சுத்திடுங்க. எலக்ட்ரீஷியன் அத செல்ஃபுக்கு போற வயர்லயே சேர்த்திருந்தார்னா, சாவி ஆன் பண்ணதும் காயில்ல இருந்து கரண்ட் பின்னாடி போய் செல்ஃப் தானா சுத்தும், நிக்காது. இத்தன நாள் ரெசிஸ்டர் உடைஞ்சிருந்ததால அது வெளிய தெரிஞ்சிருக்காது. முத தடவ சாவி போடறப்ப நியூட்ரல்ல வெச்சு, பேட்டரி டெர்மினல கழட்ட ஒருத்தர பக்கத்துல நிக்க வெச்சுட்டு போடுங்க.