கிளவுட் கேமிங்: லைன் வேகமா இருக்க, கை ஏன் பிந்துது? (யாழ்ப்பாண ஆக்களின்ர அனுபவப் பகிர்வு. ஒவ்வொரு பதிவுக்கு மேலயும் எழுதினவரின்ர ஊர்)

திருநெல்வேலி
கிளவுட் கேமிங் எண்டால் கேம் தூரத்துச் சேர்வரில ஓட, அதின்ர படம் மட்டும் நெட்டால எங்கட திரைக்கு வாறது. அதைப் பாவிக்கிற ஆக்கள் கண்டறிஞ்சதை இங்க எழுதுங்கோ. கணக்கை நான் தொடக்கிவிடுறன்.

செக்கனுக்கு 60 பிரேம் (படம்) ஓடுற கேமில ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் 16.7 மில்லிசெக்கன். பட்டனை அமத்தினவுடன அந்தச் செய்தி சேர்வருக்குப் போகவேணும், அங்க கேம் படத்தைக் கீறவேணும், அதைச் சுருக்கி அனுப்பவேணும், எங்கட போன் விரிச்சுத் திரையில போடவேணும். யூடியூப் மாதிரிக் கொஞ்ச நேரத்துப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வழியில்லை. அடுத்த படம் என்னெண்டு நீங்கள் பட்டனை அமத்துமட்டும் சேர்வருக்கே தெரியாது.

என்விடியாவின்ர கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் 720பி 60 பிரேமுக்கு 15 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு மெகாபிட்) கேட்குது, 1080பிக்கு 25, 4கே 120 பிரேமுக்கு 45. அதோட சேர்வருக்குப் போய்வர 80 மில்லிசெக்கனுக்குள்ள இருக்கவேணும், 40க்குள்ள எண்டால் நல்லது. பைபர் எடுத்த வீட்டுக்கு எம்பிபிஎஸ் கணக்கு பெரும்பாலும் சரிவரும். இழுக்கிறது மில்லிசெக்கன் கணக்குத்தான்.

கண்ணாடி இழைக்குள்ள ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். 1,000 கிலோமீற்றர் போய்வர 10 மில்லிசெக்கன். சிங்கப்பூர் இங்கயிருந்து நேர்கோட்டில கிட்டத்தட்ட 2,800 கிலோமீற்றர், ஆகவே ஒரு தடங்கலும் இல்லாவிட்டாலும் 28 மில்லிசெக்கன் போயிடும். சென்னை நேர்கோட்டில 380 கிலோமீற்றர் அளவுதான், ஆனா பாக்கெட்டுக்கு (நெட்டில போற டேட்டாத் துண்டுக்கு) அந்தக் குறுக்குவழி இல்லை. தெற்க இறங்கித்தான் கடல் கேபிள் ஏறும். இந்தியாவுக்கு நேர போட்ட பாரத்–லங்கா கேபிளும் கல்கிசையில இருந்து தூத்துக்குடிக்குத்தான் போனது. விபிஎன் (வேற நாட்டுச் சேர்வரால சுத்தி இணைக்கிறது) போட்டு வேற நாட்டுக் கணக்கால நுழைஞ்சால் பாதை இன்னும் நீளும்.

கோண்டாவில்
அண்ணை சொன்ன தூரத்தை நாங்கள் குறைக்கேலாது. ஆனா பிந்துறது எல்லாம் தூரத்தால இல்லை. காசு செலவழிக்க முன்னம் எங்க பிந்துது எண்டு அளந்து பாருங்கோ.

முதல்ல றவுட்டருக்கு பிங் (செய்தி போய்வர எடுக்கிற நேரத்தை அளக்கிற கட்டளை) போடுங்கோ, கனக்க வீடுகளில அது 192.168.1.1. விண்டோஸ் 4 தரத்தோட நிப்பாட்டிவிடும், அதால கட்டளைக்குப் பின்னால ‘-t’ போட்டு ரெண்டு மூண்டு நிமிஷம் ஓடவிடுங்கோ. வயரில 1 மில்லிசெக்கன், நல்ல வைஃபையில 2 – 5 வரும். இடைக்கிடை 60, 150 எண்டு துள்ளினால் பிழை வீட்டுக்குள்ளதான், கொம்பனிக்குக் கோல் எடுத்துப் பிரயோசனமில்லை. பிறகு டிரேஸ்ரூட் (பாதையில வாற முகவரிகளை வரிசையாக் காட்டுற கட்டளை) போட்டு றவுட்டருக்கு அடுத்து வாற முகவரிக்கு பிங். கடைசியா சிங்கப்பூரில இருக்கிற ஒரு சேர்வருக்கு. மூண்டையும் பகலில ஒருக்கா, இரவு 8 மணிக்கு ஒருக்கா எழுதி வையுங்கோ.

சராசரியைப் பார்த்து ஏமாறாதேங்கோ. எப்பவும் 70 வாற லைனுக்குக் கை பழகிவிடும். 45ம் 130மா மாறி மாறி வாறதுக்குப் பழகவே ஏலாது, பிந்தி வந்த படத்தை ஆப் எறிஞ்சுபோட்டு அடுத்ததைக் காட்டும். திரை வெட்டுறது அதாலதான்.

சுன்னாகம்
வைஃபை பற்றி. எங்கட பழைய கல்வீட்டுச் சுவர் தடிப்பம். வைஃபையின்ர 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை ஒரு சுவரைத் தாண்டும், ரெண்டாவதில செத்துப்போகும். உடன போன் தானா 2.4க்கு மாறிவிடும். அங்க அயல்வீட்டு றவுட்டர், புளூடூத் கொன்ட்ரோலர், மைக்ரோவேவ் எல்லாம் ஒரே இடத்தில நெருக்குப்படுது. 2.4இலயும் 5இலயும் வேற வேற பெயர் வைச்சு, விளையாடுற சாதனத்தை 5இல மட்டும் சேருங்கோ. சானல் 36 – 48க்குள்ள ஒண்டு, அகலம் 80 மெகாஹேர்ட்ஸ். வேற வழியில்லாமல் 2.4 எண்டால் சானல் 1, 6, 11 மூண்டில ஒண்டு, அகலம் 20, கொன்ட்ரோலரை வயரால கொழுவுங்கோ.

எல்லாத்தையும்விடத் திறம் கேட்6 நெட்வேர்க் வயர். 20 மீற்றர் வயரைச் சுவர் ஓரமா இழுத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை அதோட முடிஞ்சுது. வாங்கேக்க முழுச் செம்புக் கம்பி எண்டு கேட்டு வாங்குங்கோ. அலுமினியத்துக்குச் செம்பு பூசினது வளைக்கிற இடத்தில முறியும்.

மானிப்பாய்
வயர் இழுத்தும் வெட்டுது எண்டால், வீட்டில ஆரும் அப்லோட் பண்ணினமோ எண்டு பாருங்கோ. கல்யாண வீட்டுக்குப் போட்டு வந்து போனை வைஃபையில விட்டவுடன 400 படம் பின்னால ஏறத் தொடங்கும். றவுட்டர் அவ்வளவையும் ஒரே வரிசையில நிப்பாட்டும், உங்கட பட்டன் செய்தி அந்த வரிசையின்ர வாலில நிக்கும். 50இல இருந்த பிங் 400க்கு ஏறும். ஸ்பீட் டெஸ்டில வேகத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

ஓபன்டபிள்யூஆர்டி (றவுட்டருக்கான இலவச மென்பொருள்) போடக்கூடிய றவுட்டர் எண்டால் அதில எஸ்கியூஎம் எண்ட, வரிசையை ஒழுங்குபடுத்துற பகுதியை நிறுவி ‘கேக்’ (cake) எண்ட முறையைத் தெரிவுசெய்து, அளந்து வந்த வேகத்தின்ர 90 வீதத்தை அப், டவுன் ரெண்டுக்கும் போடுங்கோ. வரிசை அப்ப உங்கட கட்டுப்பாட்டில. பத்து வீதம் வேகம் போகும், போகட்டும். அது ஏலாது எண்டால் விளையாடுற நேரம் போட்டோ பேக்கப்பை நிப்பாட்டுங்கோ.

நெல்லியடி
பைபர் வராத ஒழுங்கைகளில 4ஜிதான். சிக்னல் கட்டம் எத்தனை காட்டுது எண்டதை விடுங்கோ, றவுட்டரின்ர செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோட ஒப்பிட சிக்னல் எவ்வளவு தெளிவு எண்டது) எண்டு ஒரு இலக்கம் இருக்கு. 20க்கு மேல நல்லது, 5க்குக் கீழ எண்டால் கேம் சரிவராது. றவுட்டரை மேல்மாடி ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பாருங்கோ. தென்னை மறைச்சால் நனைஞ்ச ஓலை இன்னும் கூடத் தடுக்கும். அப்பிடியும் பின்னேரத்தில டவரைக் கனபேர் பங்குபோடேக்க பிங் துள்ளும், அதுக்கு மருந்தில்லை.

டேட்டாவும் யோசிக்கவேணும். 15 எம்பிபிஎஸ் எண்டால் மணிக்கு 6.75 ஜிபி, 25 எண்டால் 11.25. நாளுக்கு ரெண்டு மணித்தியாலம், பத்து நாள்: 720பியிலயே 135 ஜிபி.

உரும்பிராய்
வீட்டில ஒரு நல்ல பிசி இருந்தால் தூர சேர்வரே தேவையில்லை. பிசியில படத்தை அனுப்புற சன்ஷைன், போனிலயோ ரீவியிலயோ அதை வாங்கிக் காட்டுற மூன்லைட், ரெண்டு மென்பொருளும் இலவசம். சன்ஷைனை நிறுவினால் பிரவுசரில https://localhost:47990 எண்ட முகவரியில அதின்ர பக்கம் திறக்கும், கடவுச்சொல் வையுங்கோ. மூன்லைட் நாலு இலக்க பின் காட்டும், அதை அங்க அடிச்சால் சோடி சேர்ந்திடும். பிசி கட்டாயம் வயரில இருக்கவேணும். ரெண்டு பக்கமும் வைஃபை எண்டால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில ரெண்டுதரம் போகும்.

1080பி 60க்கு மூன்லைட் 20 எம்பிபிஎஸ் வைக்கும். வெட்டினால் 12க்கு இறக்கிப் பாருங்கோ. கணினியில விளையாடினால் கொன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூண்டோடையும் எஸ் அமத்த மூலையில கணக்கு வரும். நெட்வேர்க்கால விழுந்த பிரேம் கூட எண்டால் சுன்னாகம் சொன்னதைச் செய்யுங்கோ. டீகோட் (சுருக்கின படத்தை விரிக்கிற) நேரம் 16 மில்லிசெக்கனைத் தாண்டினால் உங்கட பெட்டிதான் மெதுவு: படம் சுருக்கிற முறையை எச்இவிசியில இருந்து எச்.264க்கு மாத்திப் பாருங்கோ.

வெளியில இருந்து பாவிக்க எண்டால் றவுட்டரின்ர வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 – 100.127க்குள்ள இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் கொம்பனி கனபேரை ஒரே முகவரிக்குப் பின்னால வைச்சிருக்கு, போர்ட் திறந்து பலனில்லை. ரெண்டு சாதனத்தையும் தனி வலையில சேர்க்கிற டெயில்ஸ்கேல் எண்ட விபிஎன் போடலாம், ஆனா அது நேர இணைஞ்சுதோ இடைச் சேர்வரால சுத்துதோ எண்டு பாருங்கோ. சுத்தினால் விளையாடேலாது.

சாவகச்சேரி
ரீவியில ‘கேம் மோட்’ போடாமல் நெட்டைக் குறை சொல்லாதேங்கோ. படத்தை மெருகேத்திற வேலையிலயே சில ரீவி மூண்டு நாலு பிரேம் பிந்தும்.

திருநெல்வேலி
கேம் வாங்குறது பற்றியும் ஒண்டு. கூகிளின்ர கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியா 2019 நவம்பரில வந்து 2023 ஜனவரியில மூடுப்பட்டது. கூகிள் கேம் காசைத் திருப்பிக் குடுத்தது, ஆனா எல்லாரும் குடுப்பினம் எண்டில்லை. ஜிஃபோர்ஸ் நவ் மாதிரி உங்கட ஸ்டீம் (கேம் விக்கிற ஒன்லைன் கடை) கணக்கில இருக்கிற கேமையே ஓட்டுற சேவை எண்டால் சேவை போனாலும் கேம் கையில இருக்கும். 80 மில்லிசெக்கனில டேர்ன் பேஸ்ட் (மாறி மாறி முறை எடுத்து விளையாடுற) கேம், கதைக் கேம், விவசாயக் கேம் எல்லாம் வடிவா ஓடும். சண்டைக் கேமும் போட்டிச் சூட்டிங்கும் இங்கயிருந்து வேண்டாம்.

கோண்டாவில்
கறண்ட் போற வீடுகளுக்கு: பைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்டு. வாங்க முன்னம் அடாப்டரில எழுதியிருக்கிற வோல்ட்டையும் அம்பியரையும் பாருங்கோ, அது கொழுவுற முனையின்ர அளவையும். றவுட்டர் வேற பெட்டியா இருந்தால் ரெண்டின்ர அம்பியரையும் கூட்டி அதுக்கு மேல தாறதை எடுங்கோ.