மாங்காய் டீபாட், காலிஃபிளவர் டீபாட்: நீங்க பார்த்த வேடிக்கை டீபாட் எது?

கிருஷ்ணகிரி:
ஓசூர்ல ஒரு கைவினைச் சந்தையில பீங்கான் டீபாட்டா அடுக்கியிருந்தாங்க. அதுல ஒண்ணு கிளிமூக்கு மாங்காய்! நம்ம மண்டியில சீசனுக்குக் குவியுமே, அதேதான். வளைஞ்ச மூக்கு வழியா டீ வரும், காம்பைத் தூக்கினா மூடி. ஆனா மாங்காயைப் படுக்க வெச்சு மூக்கை மட்டும் மேல நிமித்தி விட்டிருந்தாங்க. ஏங்கன்னு கேட்டேன். "மூக்கு நுனி தாழ்ந்திருந்தா பாட் நிறையறதுக்குள்ள டீ அது வழியா வழிஞ்சிருங்க"ன்னாங்க செஞ்ச அம்மா. உள்ள எட்டிப் பார்த்தா மூக்கு சேர்ற இடத்துல பொடிப்பொடியா துளை, டீத்தூளைத் தடுக்க. விலையைக் கேட்டதும் எங்க வீட்டுக்காரர், "இதுக்கு ஒரு கூடை நிஜ மாங்காயே வாங்கலாமே"ன்னுட்டார்.

தருமபுரி:
இது புதுசு இல்லைங்க. 18ஆம் நூற்றாண்டுலயே இங்கிலாந்து ஸ்டாஃபோர்ட்ஷையர்ல காலிஃபிளவர் டீபாட் செஞ்சாங்க; கீழ பச்சை இலை, மேல வெள்ளைப் பூ. சீனாவுல யீசிங் ஊர்க்காரங்க ஊதா மண்ணுல பூசணி, மூங்கில், மரக்கட்டைன்னு எதையும் விட்டுவைக்கலை. அந்தப் பாணியை எடுத்துக்கிட்ட அமெரிக்கர் ரிச்சர்ட் நாட்கின், மனுஷ இதயத்தையும் அணு உலைக் கோபுரத்தையும் டீபாட் ஆக்கினார். அதுல யாரும் டீ குடிக்கப் போறதில்லை. எனக்கென்னவோ ஊத்தினா ஒழுங்கா ஊத்துற பாட்தான் பிடிக்கும். விளையாட்டு அதுக்கப்புறம்.

பாலக்கோடு:
மேல சொன்னதுக்கு ஒரு ஓட்டு. எங்க ஊர்ல அடுப்பும் அகலும் செய்யற அண்ணன் ஒருத்தர், மக ஆசைப்பட்டான்னு கோழி உருவத்துல ஒண்ணு செஞ்சார். அலகுல டீ வரணும். உடம்பு ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம்னு தனித்தனியா செஞ்சு, ரெண்டும் ஒரே ஈரப் பதத்துல இருக்கறப்ப கீறிவிட்டு மண் குழம்பு தடவி ஒட்டினார். ஒண்ணு முன்னாடி காய்ஞ்சா ஒட்டின இடம் விட்டுக்குமாம். கொண்டையில சின்னதா ஒரு துளை. அதுதான் காத்து போற வழி. ஊத்தும்போது அதை விரலால அடைச்சா அலகுல வர்றது நின்னுடும், எடுத்தா திரும்ப வரும். பசங்க டீயை விட்டுட்டு இதையே ஆடிக்கிட்டிருந்தாங்க. கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பூச்சு, போடாத மண்ணுங்கறதால வெளிய லேசாக் கசியும், அது வேற.

பென்னாகரம்:
பெங்களூருல சிநேகிதர் வீட்டுல மூடியே இல்லாத டீபாட் பார்த்தேன். காடகன்னு பேராம். கவிழ்த்து, அடியில இருக்கற துளையில ஊத்தணும். உள்ள ஒரு குழாய் மேல வரைக்கும் போறதால நிமித்தினா ஒரு சொட்டு சிந்தாது. உள்ள எப்படிக் கழுவறீங்கன்னேன். அவர் பேச்சை மாத்திட்டார்.