வாம்பயர் நாவல்: மகளுக்கு எதைக் கொடுக்கலாம், மாமியாருக்கு எப்படிச் சொல்வது?

மெர்பேங்க் மருமகள்:

வணக்கம். ஒரு புத்தக விஷயமும் ஒரு வீட்டு விஷயமும் பின்னிக் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் மகளுக்கு 15 வயது. ஜூலை விடுமுறையில் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில், ஒரு பழைய புத்தகக் கடையில் ட்வைலைட் என்ற வாம்பயர் (ரத்தம் குடித்து வாழும் பிசாசு) நாவல் நான்கு பாகமும் ஒரே கட்டாக 120 ராண்டுக்குக் கிடைத்தது. பத்து நாளில் முடித்துவிட்டாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானும் எடுத்தேன், ராத்திரி 2 மணி வரை கீழே வைக்க முடியவில்லை. எப்போதும் மழை தூறும் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊர், பள்ளிக்கூடத்தில் யாரோடும் சேராமல் தனியாக உட்கார்ந்திருக்கும் வெளுத்த பிள்ளைகள், அதில் எட்வர்ட் என்ற ஒருவனுக்குக் கதாநாயகி பெல்லா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாலே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவள் ரத்தத்தின் வாசனை அவனை அந்தப் பாடு படுத்துகிறது. அந்த இடத்தில் நான் பிடிபட்டேன், அவ்வளவுதான்.

இப்போது இன்னும் வேண்டும் என்கிறாள். நூலகத்தில் போய் நின்றால் ஒரு அலமாரி நிறையக் கறுப்பு அட்டை. சிலதைப் பாராநார்மல் ரொமான்ஸ் என்கிறார்கள், சிலதை அர்பன் ஃபேன்டசி என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? எதைப் பிள்ளை கையில் கொடுக்கலாம், எதை நான் மட்டும் படிக்கலாம்?

அடுத்தது வீட்டு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மாமியார், "ரெண்டு பேரும் என்ன புத்தகத்தை மாத்தி மாத்திப் படிக்கிறீங்க?" என்று கேட்டார். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் சொல்கிற மாதிரி, "ரத்தக்காட்டேரி கதை அத்தை" என்றேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அவ பேரைச் சாப்பாட்டு நேரத்தில இப்படிப் பேசாதே. இந்தப் பிள்ளை பிறந்தப்ப அவளுக்குத்தான் படையல் போட்டோம்" என்றார். அதற்கப்புறம் அன்று முழுக்கப் பேச்சில்லை. கல்யாணமாகி வந்து 17 வருடம் ஆகிறது, அத்தை மனசு நோக நான் எதுவும் சொன்னதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டும். வாம்பயருக்குத் தமிழில் வேறு என்ன சொல்வது?

பீனிக்ஸ் புத்தகப்புழு:

அக்கா, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இருபது வருடமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஆனால் குணம் வேறு. பாராநார்மல் ரொமான்ஸில் காதல்தான் கதை. அவர்கள் சேரவில்லை என்றால் வாசகி புத்தகத்தைச் சுவரில் எறிவாள், அது எழுதுகிறவருக்கும் தெரியும். பெரும்பாலும் பாகத்துக்கு ஒரு ஜோடி. ஜே.ஆர். வார்டின் பிளாக் டேகர் பிரதர்ஹுட் தொடர் 2005இல் டார்க் லவரில் தொடங்கியது, அதில் வாம்பயர் வீரர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் ஒரு காதல் என்று போகும். அதையெல்லாம் நீங்கள் மட்டும் படியுங்கள், படுக்கையறைக் காட்சிகள் பச்சையாக இருக்கும்.

அர்பன் ஃபேன்டசியில் நகரமும் வேலையும்தான் கதை. ஒரே நாயகி, பெரும்பாலும் அவளே "நான்" என்று சொல்லிக்கொண்டு போவாள், பாகத்துக்கு ஒரு கொலையோ ஒரு துப்போ இருக்கும், காதல் பக்கத்து அடுப்பில் சின்னத் தீயில் கொதித்துக்கொண்டிருக்கும். பாட்ரிஷியா பிரிக்ஸின் மெர்சி தாம்ப்சன் 2006இல் வந்தாள், கார் மெக்கானிக், கைநகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும் பெண். அவள் கல்யாணத்துக்கு ஆறாவது பாகம் வரை காத்திருக்க வேண்டும். லாரல் கே. ஹாமில்டனின் அனிடா பிளேக் 1993இலேயே வந்துவிட்டாள், இந்த வகைக்குப் பாதை போட்டவர்களில் ஒருத்தி. ஆனால் பத்தாவது பாகத்திலிருந்து அந்தத் தொடர் முழுக்க வேறு திசையில் போய்விட்டது, பிள்ளைக்கு வேண்டாம்.

எனக்கு உயிரான ஒன்றைச் சொல்கிறேன். இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுகிறார்கள். 2007இல் வந்த மேஜிக் பைட்ஸில் அட்லாண்டா நகரத்தில் மந்திரம் அலை அலையாக வரும். அலை வந்தால் விளக்கு அணையும், கார் நிற்கும், போன் செத்துவிடும். அலை போனால் எல்லாம் திரும்ப வரும். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு அதைத் திரும்பப் படித்தேன் அக்கா, நேரம் பார்த்துச் சமைத்து, நேரம் பார்த்துத் துவைத்து, தெருவே இருட்டில் கிடக்கிறது, அந்த நகரத்து ஜனங்கள் எப்படி வாழ்வார்கள் என்பதை நம்மைப் போல யாரும் புரிந்துகொள்ள முடியாது. அதில் வாம்பயருக்கு அழகும் இல்லை, அறிவும் இல்லை. முடி கொட்டி, நான்கு காலில் தவழும் வெறும் பசி. வேறு ஒருவன் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மனசாலேயே அதை வண்டி மாதிரி ஓட்டுவான்.

மகளுக்கு ரிச்செல் மீட் எழுதிய வாம்பயர் அகாடமி வாங்கிக் கொடுங்கள், 2007 தொடங்கி 2010 வரை ஆறு பாகம். காதல் இருக்கிறது, ஆனால் கதையின் உயிர் இரண்டு தோழிகளுக்கு நடுவில். ஒருத்தி இன்னொருத்திக்காகத் தன் உயிரைக் கொடுக்கத் தயாராக வளர்க்கப்படுகிறாள், அது சரியா என்று அவளே பிறகு கேட்கிறாள். 15 வயசுக்கு அந்தக் கேள்வி நல்லது.

லெனேசியா வாசகன்:

தங்கச்சி நன்றாகச் சொல்லிவிட்டது. நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்: வாசற்படி.

1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவில், வீட்டுக்காரர் யாராவது வா என்று கூப்பிட்டால் தவிர அவன் முதல் தடவை உள்ளே நுழைய முடியாது. ஆனால் ஒரு தரம் கூப்பிட்டுவிட்டால் போச்சு, அப்புறம் இஷ்டத்துக்கு வரலாம் போகலாம். அவனுடைய கோட்டைக்கு விருந்தாளி வரும்போதும், உன் சொந்த விருப்பத்தோடு உள்ளே வா என்றுதான் சொல்கிறான். (வெயில் பட்டால் வாம்பயர் செத்துவிடும் என்பது அந்த நாவலில் இல்லை. அவன் லண்டனில் பகலில் நடமாடுகிறான், பலம்தான் குறைவு. வெயிலில் அழிவது 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப் படத்திலிருந்து பரவியது.)

இப்போது 2001க்கு வாருங்கள். ஷார்லைன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ், லூசியானாவில் ஒரு சின்ன ஊரில் பாரில் பரிமாறுகிற பெண். ஜப்பானியர்கள் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டதால் வாம்பயர்கள் வெளியே வந்து எல்லோரையும் போல வாழ்கிறார்கள். அந்த உலகத்தில் கூப்பிட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இனி உனக்கு இங்கே இடமில்லை என்று அவள் சொன்ன கணத்தில், நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்த, காரைத் தூக்கி எறியக்கூடியவன், கால் தன் பேச்சைக் கேட்காமல் பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டி வெளியே போய் நிற்கிறான். கதவு அவன் முகத்துக்கு நேரே சாத்திக்கொள்கிறது. எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஒரு நூற்றாண்டில் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு பலம் வந்திருக்கிறது.

அதனால்தான் ட்வைலைட்மேல் எனக்குக் கோபம். 2005இல், எட்வர்ட் யாரையும் கேட்காமல் ராத்திரி ராத்திரி ஜன்னல் வழியாகப் பெல்லாவின் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கதையில் வாம்பயருக்கு அழைப்பே தேவையில்லை. அதைக் காதல் என்று ஒரு பெண் குழந்தை எடுத்துக்கொண்டால்? எனக்கும் இரண்டு பெண்கள். புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம், ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து மகளிடம் பேசுங்கள் அம்மா.

பீனிக்ஸ் புத்தகப்புழு:

அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அந்த ஜன்னல் விஷயம் இப்போது படித்தால் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் 15 வயசில் நான் அதில் பார்த்தது வேறு. சூக்கிக்கு எல்லோர் மனசும் கேட்கும், பாரில் நிற்கிற ஒவ்வொருவன் நினைப்பும் காதில் இரையும், வாம்பயர் மனசு மட்டும்தான் கேட்காது, அந்த அமைதிக்காகவே அவனிடம் போகிறாள். எட்வர்டுக்கும் அப்படித்தான், ஊர் மனசெல்லாம் கேட்கும், இவள் ஒருத்தி மனசு கேட்காது. ஒரே வீட்டில் ஒன்பது பேர், சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும், அப்படி வளர்ந்த பிள்ளை நான். என் மனசுக்குள் யாரும் வர முடியாது, அதை ஒருவன் மதிப்பாக நினைக்கிறான் என்பது அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

சாட்ஸ்வர்த் தமிழ் வாத்தியார்:

மகளே, உன் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். உன் மாமியார் சொன்னது சரி.

தமிழ்நாட்டில் வாம்பயருக்கு ரத்தக்காட்டேரி என்று பெயர் வைத்துவிட்டார்கள், சினிமா போஸ்டரில் பார்த்துப் பழகிவிட்டது. இங்கே தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. 1860 தொடங்கிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களோடு காட்டேரியும் வந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவளுக்குப் பூஜை போடுவது நம் பழைய குடும்பங்களில் இன்றைக்கும் உண்டு. என் தங்கை பிறந்தபோது எனக்கு ஏழு வயது, டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில் தகர வீடு. வீட்டுக்குள் சமைக்கவில்லை, கொல்லையில் மூன்று கல் வைத்து அம்மா கருங்கோழி சமைத்தார், கருவாடு, கீரை, எல்லாம் வாழையிலையில். மிச்சத்தைக் குழி வெட்டி அப்பா புதைத்தார். நான் பயந்து அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் குடிக்கிறவளை எதற்கு நாமே கூப்பிடுகிறோம் என்று கேட்டேன். "பசியோட இருந்தா பிள்ளையைத் தேடி வருவா, வயிறு நிறைஞ்சா பிள்ளைக்குக் காவல் நிப்பா" என்றார் அம்மா. அப்புறம் 60களில் குரூப் ஏரியாஸ் சட்டத்தில், அதாவது இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த நிறவெறிக் காலச் சட்டத்தில், எங்களை எழுப்பி இங்கே சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கொல்லை போய்விட்டது, பூஜை போகவில்லை.

நீங்கள் படிக்கிற இந்த நாவல்களை நான் படித்ததில்லை. ஆனால் நீங்கள் மூன்று பேரும் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தக் கதைகளிலும் இதுதானே நடக்கிறது? செயற்கை ரத்தமோ, மிருக ரத்தமோ எதையோ கொடுத்துப் பசியை அடக்கி, கொல்ல வந்ததைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். நம் இலக்கியத்தில் பேய்க்கும் பசிக்கும் உள்ள உறவு ஆயிரம் வருடப் பழசு. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பசியில் வயிறு ஒட்டிய பேய்களைக் காட்டி, போர்க்களத்துப் பிணத்தையும் ரத்தத்தையும் வைத்து அவை கூழ் சமைத்துக் குடித்து ஆடுகிற வரைக்கும் பாடுகிறார்.

இன்னொன்று, இந்த மண்ணிலேயே ஒரு வாம்பயர் இருக்கிறான், அவனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர் இந்த நாட்டின் கிழக்குக் கரைப் பக்கம் இருக்கும் பாண்டோலாந்துக்காரர், இம்புண்டுலுவைப் பற்றி இடி இடிக்கிற நாளில்தான் சொல்வார். மின்னல் பறவை. ஆள் உயரம், கறுப்பும் வெள்ளையும், இறக்கையை அடித்தால் மின்னல். ரத்தத்துக்கு அலையும். ஒரு சூனியக்காரிக்கு அடிமை, அவளுக்குப் பின் அவள் மகளுக்கு. அதுவே அழகான வாலிபனாக உருமாறிப் பெண்களை மயக்கவும் வரும். இந்த மண்ணின் கோசா, ஜூலு ஜனங்களிடம் இந்தக் கதை எத்தனையோ காலமாக இருக்கிறது.

சொல்லுக்கு வருகிறேன். வாம்பயர் என்றே தமிழில் எழுது, பேசு, தப்பில்லை. நாம் பஸ் என்கிறோம், அது மாதிரி. காட்டேரியை அவள் இடத்தில் விட்டுவிடு. முடிந்தால் மாமியாரிடம் அந்தப் பூஜையைப் பற்றி உட்கார்ந்து கேள், கேட்க ஆள் இல்லாமல்தான் எங்கள் வயசுக்காரர்களோடு எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.

மெர்பேங்க் மருமகள்:

ஐயா, அண்ணா, தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன்.

இன்று காலையில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தப்பாச் சொல்லிட்டேன் அத்தை, அது வேற, அவ வேற" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, ஒரு வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். நானும் உரித்தேன். படையலில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன், கருவாட்டிலிருந்து ஆரம்பித்து, என் மகள் பிறந்த அன்று மழை பெய்தது, அடுப்பு பற்றவில்லை, மாமா குடை பிடித்துக்கொண்டு நின்றார் என்பது வரை வந்தது. மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் குடை பிடித்து நின்றது எனக்கு இத்தனை நாள் தெரியாது, நான் அப்போது உள்ளே குழந்தையோடு படுத்திருந்தேன்.

மகளும் வந்து உட்கார்ந்தாள். லெனேசியா அண்ணா சொன்ன ஜன்னல் விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "எனக்கும் அது பிடிக்கலம்மா, ஆனா அவ எழுந்து வெளியே போன்னு சொல்லியிருந்தா அவன் போயிருப்பான்னு நினைச்சுக்கிட்டுப் படிச்சேன்" என்றாள்.

அத்தை அதைக் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் என்னதான் சாப்பிடுவான்?" என்றார்.

மான், மலைச் சிங்கம் (பூமா) என்று மகள் சொல்ல ஆரம்பித்தாள். வாம்பயர் அகாடமி முதல் பாகத்துக்கு நூலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.