தாழ்ந்த லான்சரை வீட்டிலேயே தூக்குவது: ஸ்டாண்டா, ஹாலோ பிளாக்கா, வாட்டர் சர்வீஸா?

தாழ்ந்தலான்சர் (கோவை)

வண்டி 2001 லான்சர், பெட்ரோல். எனக்கு விற்றவர் நாலு பக்கமும் குட்டை ஸ்பிரிங் போட்டு வைத்திருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் முன்பக்க கிராஸ்மெம்பருக்கும் (முன்னால் அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம்) தரைக்கும் நடுவே டேப் வைத்து அளந்தால் 11 செ.மீ. என்னிடம் இருக்கும் டிராலி ஜாக்கியை முழுசாக இறக்கினாலும் அதன் தலை 13.5 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. உள்ளேயே போகாது.

கியர் ஆயில் மாற்ற வேண்டும். ஆயில் அளவு சரியாகத் தெரிய வண்டி மட்டமாக நிற்க வேண்டும், ஆக நாலு பக்கமும் தூக்கியாக வேண்டும். போன தடவை ஒரு பட்டறையில் விட்டேன். லிஃப்டின் கையை ஜாக்கி வைக்கும் இடத்தில் கொடுக்காமல் தள்ளிக் கொடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் தகடு மடிப்பை அப்பளம் மாதிரி மடக்கி அனுப்பினார்கள். அதனால்தான் இந்த முறை வீட்டு போர்டிகோவிலேயே செய்யப் பார்க்கிறேன். தரை பார்க்கிங் டைல்ஸ். வழி சொல்லுங்கள்.

பொள்ளாச்சிப்பட்டறை

தம்பி, இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம். வண்டியோடு வந்த கத்திரி ஜாக்கியைப் பக்கவாட்டில் போட்டு ஒவ்வொரு மூலையாகத் தூக்குங்கள், அடியில் ஹாலோ பிளாக் கொடுங்கள். அம்பாசடர் காலத்திலிருந்து இப்படித்தான் செய்கிறோம். 30 வருஷத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன், இதோ தட்டச்சு செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஓசூர்ஃபிட்டர்

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கத்திரி ஜாக்கி டயர் மாற்றத்தான். ஒற்றைத் திருகாணியில் நிற்கிற சாமான், அடிப்பாகம் உள்ளங்கை அகலம்தான். டைல்ஸ் தரையில் அது வழுக்கினால் பிடிக்க ஆள் இல்லை.

பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் வைக்கும்போது பிளாக்கின் முழுப் பரப்பிலும் பாரம் பரவுகிறது. காரின் தகடு மடிப்பு ஒரு செ.மீ. அகலம்கூட இல்லை. வண்டி எடையில் நாலில் ஒரு பங்கு, அதாவது கால் டன்னுக்குக் குறையாமல், அந்தக் கோட்டில் இறங்குகிறது. கீழே இருப்பது பிளாக்கின் மெல்லிய விளிம்பு. கான்கிரீட் வளையாது, நசுங்காது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரே நொடியில் உடையும். மரக்கட்டை அப்படி இல்லை. முதலில் முனகும், நசுங்கும், நமக்கு வெளியே வர நேரம் தரும். விபத்து மீட்புக் குழுக்கள் கட்டையை அடுக்கிப் பாரம் தாங்க வைப்பது இதனால்தான்.

பொள்ளாச்சிப்பட்டறை

ஓட்டை மேலே பார்த்து வைத்தால் பிளாக் தாங்கும். சின்னப் பையன்கள் ஓட்டையைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு உடைந்தது என்பார்கள். மேலே ஒரு பலகைத் துண்டும் கொடுக்க வேண்டும். இதெல்லாம் கை வேலை தெரிந்தவனுக்குத் தெரியும்.

ஓசூர்ஃபிட்டர்

தெரிந்தவருக்குத் தெரியும், சரி. கேட்பவர் முதல் தடவை செய்கிறார். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால், அதாவது ஜாக் ஸ்டாண்டு, ஒரு ஜோடி வாங்கினால் ஆயுசுக்கும் வரும்.

டெக்சாஸ்தமிழன்

ஸ்டாண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020-ல் இங்கே ஹார்பர் ஃப்ரெய்ட் கடை, பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. படிப்படியான பல்லில் கொக்கி முழுசாக உட்காராமல், தட்டுப்பட்டால் திடீரென இறங்கிவிடும் என்ற காரணம். அதற்குப் பதிலாகக் கொடுத்ததிலும் ஒரு வகையில் வெல்டிங் குறை என்று அதே வருஷம் மறுபடியும் திரும்பப் பெற்றார்கள். நான் குறுக்கே ஊசி செருகும் வகைதான் வாங்குகிறேன். பல் வகையாக இருந்தால், வண்டியை இறக்கிய பிறகு கொக்கி பல்லின் அடி வரை உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பொள்ளாச்சிப்பட்டறை

பார்த்தீர்களா! என் பிளாக்கை எந்தக் கம்பெனியும் திரும்பக் கேட்டதில்லை.

மதுரைக்காரன்82

எல்லோரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று புரியவில்லை. பக்கத்தில் வாட்டர் சர்வீஸ் இருக்காதா? வண்டியை மேலே ஏற்றினால் நாலு சக்கரமும் தண்டவாளத்தில் மட்டமாக நிற்கும். கியர் ஆயிலுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? கழுவின மாதிரியும் ஆச்சு. அரை மணி நேரம் கேளுங்கள், காலை நேரம் கூட்டம் இருக்காது.

தாழ்ந்தலான்சர்

சார், நல்ல யோசனைதான். எங்கள் தெருமுனையில் ஒன்று இருக்கிறது. ஆனால் தண்டவாளத்தில் ஏறும் சரிவில் முன்பம்பர் உதடு இடிக்கிறது. ஒரு முறை முயற்சி செய்து, பாதியில் பின்னால் எடுத்தேன். அங்கே நின்ற பையன் "அண்ணா, இது காரா, கார்பெட்டா?" என்று கேட்டான்.

ஓசூர்ஃபிட்டர்

சரி, வீட்டில்தான் என்றால் என் முறையைச் சொல்கிறேன். ஜாக்கி உள்ளே போகவில்லை என்றால் ஜாக்கியைத் தாழ்த்த முடியாது, வண்டியைத் தூக்கலாம். 2 அங்குலப் பலகை இரண்டு, டயரை விட அகலமாக, முன்சக்கரத்துக்கு ஒவ்வொன்று. அதற்கு முன்னால் 1 அங்குலப் பலகை படி மாதிரி. முதல் கியரில் மெதுவாக ஏற்றுங்கள். 5 செ.மீ. கிடைக்கும். 11 என்பது 16 ஆகிவிடும்.

டைல்ஸ் தரை என்பதால் ஒரு எச்சரிக்கை. டிரைவ் இருப்பது முன்சக்கரத்தில். ஏறும்போது பலகையைப் பின்னால் உதைத்துத் தள்ளும், பலகை பறக்கும். அடியில் நனைத்த சணல் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குழந்தைகள், பைக் எதுவும் வேண்டாம்.

டெக்சாஸ்தமிழன்

லான்சர்காரர் ஜாக்கி தலையில் ரப்பர் வட்டு வைப்பாரா? பொதுவாக விற்கும் வட்டு 2.5 செ.மீ. தடிமன் இருக்கும். 13.5 + 2.5 = 16. கணக்கு சரியாக முட்டி நிற்கிறது. உள்ளே நுழையாது.

ஓசூர்ஃபிட்டர்

நல்ல கேள்வி. கிராஸ்மெம்பர் தடித்த இரும்பு, அதற்கு வட்டு அவசியமில்லை. பழைய டியூபை இரண்டு மடிப்பு வெட்டி வைத்தால் போதும். வட்டு தேவை தகடு மடிப்பில் தூக்கும்போது, அதுவும் மடிப்பு உட்கார நடுவில் பள்ளம் வெட்டிய வட்டு.

கிராஸ்மெம்பர் என்று நினைத்து ஆயில் சம்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஜாக்கி கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். முகத்தைத் தரையில் ஒட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிடி போட வேண்டும்.

பொள்ளாச்சிப்பட்டறை

ஃபிட்டர் தம்பி எழுதியதில் பாதிக்கு எனக்கும் ஒப்புதல்தான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார், அதுதான் என் அனுபவத்தில் ஆளைக் கொல்வது. தூக்குவதற்கு முன் டயருக்குக் கட்டை போட வேண்டும். பஸ் நின்றதும் கிளீனர் பையன் கட்டையோடு குதிப்பானே, அந்த வேலை.

ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை மட்டும். முன்னால் தூக்கினால் அது உதவும். பின்னால் தூக்கிய நொடியிலேயே ஹேண்ட்பிரேக்குக்கு வேலை இல்லை, அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? "கியரில் போட்டிருக்கிறேன்" என்பார்கள். இரண்டு முன்சக்கரமும் தரையில் இருந்தால் கியர் பிடிக்கும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கினால் பிடிக்காது. இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது இல்லையா? தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் உருள, தொங்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளும். வண்டி தாராளமாக நகரும்.

இன்னொன்று. நம் ஊர் போர்டிகோ எதுவும் மட்டம் இல்லை. மழைத் தண்ணீர் வெளியே ஓட தெருப்பக்கம் சரிவு வைத்துத்தான் கட்டுவார்கள். ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள், தெரியும்.

ஓசூர்ஃபிட்டர்

அண்ணே, இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை! கும்பிடு. டிஃபரன்ஷியல் விஷயம் எனக்கே தோன்றவில்லை.

இதோடு ஒன்று சேர்க்கிறேன். டிராலி ஜாக்கியின் தலை நேராக மேலே போகாது, வளைவாகப் போகும். தூக்கத் தூக்க ஜாக்கி தன் சக்கரத்தில் வண்டிக்கு அடியில் கொஞ்சம் உருண்டு போக வேண்டும். மண்ணிலோ பேவர் பிளாக் இடுக்கிலோ சக்கரம் சிக்கினால் ஜாக்கிக்குப் பதில் வண்டி நகரும், அல்லது தலை வழுக்கும். கல் மண் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

மதுரைக்காரன்82

நாலு பக்கமும் தூக்குவதைத்தான் நான் இன்னும் ஏற்கவில்லை. முன்பக்கத்தை ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் தூக்கும்போது, முன் ஸ்டாண்டுகள் தலையோடு சேர்ந்து சாயும். நான் என் தம்பி வண்டியில் கண்ணால் பார்த்தேன், ஸ்டாண்டின் ஒரு கால் விரல் அளவு எழும்பியது. அதோடு வண்டியை இறக்கிவிட்டோம்.

மட்டம் எதற்கு? ஆயில் அளவு பார்க்க. அளவு எதற்குப் பார்க்க வேண்டும்? கையேட்டில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறது. முன்னால் மட்டும் தூக்கிப் பழசை வடித்துவிட்டு, அளந்து ஊற்றினால் முடிந்தது.

ஓசூர்ஃபிட்டர்

சாய்வாக நிற்கும் கியர்பெட்டியில் பழசு முழுக்க வடியாது. மூலையில் தங்கும். மேலே முழு அளவு ஊற்றினால் கூடிப்போகும். ஆயில் கூடினால் சீல் வழியே கக்கும்.

மதுரைக்காரன்82

அப்படியானால் வடித்ததை அளக்கச் சொல்லுங்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றினால் எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். ஒழுக்கு இல்லாத பெட்டி என்றால் வந்த அளவே போகட்டும். ஒரு டம்ளர் பழசு உள்ளே தங்கினால் கியர்பெட்டி ஒன்றும் செத்துப்போகாது. நாலு ஸ்டாண்டில் ஆடும் வண்டிக்கு அடியில் படுப்பதைவிட அது மேல்.

ஓசூர்ஃபிட்டர்

ம். ஒழுக்கு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் சரி. நாலு பக்கம் என்றால் ஒரே மூச்சில் தூக்காமல், முன் இரண்டு பல், பின் இரண்டு பல் என்று மாற்றி மாற்றித் தூக்க வேண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாழ்ந்தலான்சர்

பெட்டியில் ஒழுக்கு இல்லை, அடி காய்ந்துதான் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் என்று முடிவு. ஞாயிறு காலை செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

தாழ்ந்தலான்சர் (ஞாயிறு மாலை)

நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பலகைக்கு எங்கும் போகவில்லை. வீட்டை மாற்றிக் கட்டியபோது எடுத்த பழைய வேப்பமர நிலைச்சட்டம் மொட்டை மாடியில் கிடந்தது. தச்சரிடம் கொடுத்து அறுத்து வாங்கினேன். சாக்கு நனைத்துப் போட்டும் முதல் முயற்சியில் இடது பலகை ஒரு சாண் பின்னால் போனது. இரண்டாவது முறை ஏறிவிட்டது.

பின்டயர் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. கோலிக்குண்டு உருட்டினேன், நேராக வாசல் கேட்டுக்கு ஓடியது. பட்டறை அண்ணன் சொன்னது உண்மை. அதனால் தெருப்பக்கக் கட்டையை இன்னும் இறுக்கினேன்.

ஜாக்கி உள்ளே போனது. ஆனால் பம்பருக்குக் கீழே கைப்பிடிக்கு இடமே இல்லை. முதல் பத்துப் பதினைந்து முறை பம்ப் அடித்தது, ஒவ்வொன்றும் நாலு விரல் அசைவுதான். அப்புறம் வண்டி எழும்பியதும் சுலபம். ஸ்டாண்டின் குறைந்த உயரமே 28 செ.மீ., ஆகவே நினைத்ததை விட உயரத் தூக்க வேண்டியிருந்தது. தகடு மடிப்பில் முன்பு அப்பளமான இடத்தைத் தவிர்த்து, பள்ளம் வெட்டிய கட்டை கொடுத்து இறக்கினேன். கொக்கி பல்லில் உட்கார்ந்ததை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜாக்கியையும் கிராஸ்மெம்பருக்குத் தொட்டும் தொடாமலும் விட்டுவைத்தேன். கழற்றி வைத்திருந்த ஸ்டெப்னியைக் கதவடி விளிம்புக்குக் கீழே படுக்கப் போட்டேன். பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டினேன். அசையவில்லை.

உள்ளே போய் முதலில் ஊற்றும் பிளக்கைத்தான் தொட்டேன். அது திறக்காவிட்டால் வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது என்று எப்போதோ கேட்டது. நீளக் கைப்பிடி போட்டு இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. மூன்றாவது முறை காலை டைல்ஸில் ஊன்றி இழுத்தபோது, தலைக்கு மேலே வண்டி லேசாக, மிக லேசாக, "க்ரிக்" என்றது.

வெளியே வந்துவிட்டேன்.

இறக்கினேன். பழைய ஆயில் அப்படியே உள்ளே இருக்கிறது. இறக்கியதும் முன்சக்கரங்கள் உள்பக்கம் மடங்கின மாதிரி நின்று, வண்டி வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தது. ஸ்பிரிங் போய்விட்டதோ என்று பயந்தேன். பத்தடி ஓட்டியதும் தானாக உட்கார்ந்துவிட்டது.

டெக்சாஸ்தமிழன்

அது எல்லா வண்டியிலும் நடப்பதுதான். தொங்கிய சக்கரம் உருண்டால்தான் பழைய இடத்துக்கு விரியும்.

மதுரைக்காரன்82

இறங்கி வந்ததுதான் புத்திசாலித்தனம். அந்த "க்ரிக்" எது என்று பார்த்தீர்களா?

தாழ்ந்தலான்சர்

பள்ளம் வெட்டிய கட்டை. மடிப்புக்கு நேராக முடியளவு வெடித்திருக்கிறது. வேப்பமரம் எனக்கு நேரம் கொடுத்தது.

ஓசூர்ஃபிட்டர்

மரத்தின் ரேகை மடிப்போடு ஒரே திசையில் ஓடியிருக்கும். குறுக்கே ஓடும்படி அறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். என் தவறு, நான் எழுதவில்லை.

பொள்ளாச்சிப்பட்டறை

தம்பி, அந்த பிளக்கைப் படுத்துக்கொண்டு இழுத்து எடுக்க முடியாது. சுற்றி லேசாகச் சூடு காட்டி, நின்றபடி தட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு பொள்ளாச்சிக்கு வாருங்கள், என்னிடம் ஆள் இறங்கி நின்று வேலை செய்யும் பள்ளம் இருக்கிறது. உங்கள் கார்பெட் அதற்கு மேலே தாராளமாக வந்து நிற்கும், எதையும் தூக்க வேண்டாம். வரும்போது அந்த வேப்பங்கட்டையில் நாலு துண்டு கொண்டு வாருங்கள். பிளாக்குக்கு மேலே வைக்க எனக்கு வேண்டும்.