எக்ஸ்டென்சிவ் / இன்டென்சிவ் பண்புகள்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

தொடக்க வேதியியல் கையேட்டில் 'பருப்பொருளின் பண்புகள்' இயலுக்கு ஒரு சொல் இணை தேவைப்படுகிறது. நிறை, கனஅளவு, வெப்ப ஏற்புத்திறன் (மாதிரி முழுவதையும் ஒரு பாகை சூடாக்க வேண்டிய வெப்பம்) ஆகியவை மாதிரியின் அளவோடு கூடிக் குறைபவை; இவை எக்ஸ்டென்சிவ். அடர்த்தி, உருகுநிலை, வெப்பநிலை அப்படியல்ல; இவை இன்டென்சிவ். ஒரு கிராம் செம்பும் ஒரு கிலோ செம்பும் 1085 பாகை செல்சியசில்தான் உருகும்.

இப்போது புழங்குவது 'பொருண்மைசார் பண்பு', 'பொருண்மைசாராப் பண்பு'. இரண்டு குறைகள். வகுப்பில் வேகமாகச் சொல்லும்போது 'சார்', 'சாரா' இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். 'பொருண்மை' என்றதும் மாணவர் மனம் நிறைக்குப் போய்விடுகிறது. கனஅளவு இதில் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: விரிபண்பு/செறிபண்பு, தொகைப்பண்பு/தனிப்பண்பு, கூடுபண்பு/கூடாப்பண்பு. கருத்துச் சொல்லுங்கள்.

---

> விரிபண்பு/செறிபண்பு

ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. 'செறிவு' ஏற்கெனவே கரைசல் பாடத்தில் குடியிருக்கிறது. அடர்த்தியைச் செறிபண்பு என்றால், அடர் அமிலம், நீர்த்த அமிலம் என்று பேச்சு திசைமாறும்.

> தொகைப்பண்பு/தனிப்பண்பு

மேல்நிலை வகுப்பில் உறைநிலைத் தாழ்வு, சவ்வூடுபரவல் அழுத்தம் முதலியவற்றைத் 'தொகைசார் பண்புகள்' என்கிறோம். இரண்டும் மோதும். இலக்கணத்தில் பண்புத்தொகை வேறு காத்திருக்கிறது!

> கூடுபண்பு/கூடாப்பண்பு

மூன்றில் இதுவே தேவலை. ஆனால் 'கூடா' என்றதும் 'கூடாநட்பு' நினைவுக்கு வருகிறது. அடர்த்தி என்ன தப்பு செய்தது? அதைவிடப் பெரிய சிக்கல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 50 மி.லி. நீரையும் 50 மி.லி. எத்தனாலையும் கலந்தால் 100 மி.லி. வராது, அறை வெப்பநிலையில் 96, 97 மி.லி.தான் வரும். நிறை குறையாது: ஏறத்தாழ 49.9 கிராமும் 39.5 கிராமும் சேர்ந்து 89.4 கிராம். 'கூடினால் கூடுபண்பு' என்று படித்த பிள்ளை, கனஅளவு கூடுபண்பே அல்ல என்று எழுதுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

வரையறையைச் சேர்ப்பதிலிருந்து தொடங்காமல் பிரிப்பதிலிருந்து தொடங்கலாம். அந்த 96 மி.லி. கலவையைச் சரிபாதியாகப் பிரியுங்கள்: ஆளுக்கு 48. பிசகாது. எனவே என் பரிந்துரை:

பகுபண்பு – சீரான மாதிரியைப் பகுத்தால் கூடவே பகுபடும் பண்பு.
பகாப்பண்பு – மாதிரியைப் பகுத்தாலும் தான் பகுபடாத பண்பு.

பகு எண், பகா எண் கணக்குப் பாடத்தில் வந்துவிட்டன. பகுபதம், பகாப்பதம் தமிழ்ப் பாடத்தில். புணர்ச்சியும் அதே முறைதான். 'பகுபண்பு' வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'பகாப்பண்பு' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மிகும். அந்த 'ப்' காதிலும் தெளிவாக விழும்.

இதில் ஒரு விதியும் எளிதாகக் கிடைக்கிறது: ஒரு பகுபண்பை இன்னொரு பகுபண்பால் வகுத்தால் கிடைப்பது பகாப்பண்பு. 100 கிராம் நீரை 10 பாகை சூடாக்க ஏறத்தாழ 4180 ஜூல் வேண்டும், 50 கிராமுக்கு 2090. ஒரு கிராமுக்கு, ஒரு பாகைக்கு என்று வகுத்தால் இரண்டிலும் 4.18. 'தன் வெப்பம்' என்பதில் வரும் 'தன்' இந்த வகுத்தலைத்தான் குறிக்கிறது.

---

சொல் பிடித்திருக்கிறது. வரையறை போதாது. ஓர் உருளையில் வாயு இருக்கிறது. பாதியை வெளியேற்றினால் அழுத்தமும் பாதியாகும். உங்கள் வரையறைப்படி அழுத்தம் பகுபண்பா?

மின்தடையையும் பாருங்கள். 10 ஓம் கம்பியைக் குறுக்கே பாதியாக வெட்டினால் துண்டுக்கு 5 ஓம். நெடுக்கே பிளந்தால் 20 ஓம். எந்தப் பெட்டியில் போடுவது?

---

அழுத்தக் கேள்வி சரியான கேள்வி, மாணவர்கள் வழுக்கும் இடமும் அதுதான். வாயுவை வெளியேற்றும்போது மாதிரியைப் பகுக்கவில்லை. மிச்ச வாயு பழைய உருளை முழுவதும் பரவிக்கொள்கிறது, கனஅளவு மாறவே இல்லை. பகுப்பது என்றால் உருளையின் நடுவே தடுப்புச் சுவர் வைப்பது. அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் மூலக்கூறுகள் பாதி, கனஅளவு பாதி. அழுத்தமும் வெப்பநிலையும் முன்போலவே. எனவே வரையறையில் 'வேறெதையும் மாற்றாமல், அது நிரப்பியிருக்கும் இடத்தோடு சேர்த்துப் பகுத்தால்' என்று சேர்க்க வேண்டும். நீளம்தான், ஆனால் இதைச் சுருக்கக் கூடாது.

மின்தடை இரண்டிலும் சேராது. வெட்டும் திசையைப் பொறுத்து விடை மாறுகிறதே. புறப்பரப்பும் அப்படித்தான்: 2 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 24 சதுர செ.மீ.; பாதியாக வெட்டினால் துண்டுக்கு 12 அல்ல, 16. எல்லாப் பண்பையும் இரண்டு பெட்டிக்குள் அடைத்தே தீர வேண்டும் என்று கையேடு சொல்லாமல் இருந்தால் போதும்.

துண்டு சிறிதானாலும் பெரிதானாலும் அடர்த்தி ஒன்றே என்று காட்டும் செய்முறைக்கு ஓர் எச்சரிக்கை. 100 மி.லி. அளவு உருளையில் 13.5 கிராம் அலுமினியத் துண்டை மூழ்கவைத்தால் நீர் 5 மி.லி. உயர வேண்டும். ஒரு மி.லி. கோடுகளில் அரை மி.லி. பிசகுவது சாதாரணம், அதற்கே அடர்த்தி 2.45 முதல் 3.0 வரை ஊசலாடும். 27 கிராம் துண்டில் 2.57 முதல் 2.84 வரை. பார்க்கும் மாணவர், துண்டு மாறினால் அடர்த்தியும் மாறுகிறது என்று முடிவு கட்டுவார். சிறிய துண்டே 54 கிராம் இருக்கட்டும், பெரியது 108. நூலில் கட்டி மெல்ல இறக்குங்கள், ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியைத் தட்டி விடுங்கள், நீர்மட்டத்தின் அடிவளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படியுங்கள்.

---

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. நாங்கள் 'பண்பு' என்பதைவிட 'இயல்பு' என்றே எழுதுவோம்: பௌதிக இயல்பு, இரசாயன இயல்பு. உங்கள் இணை அதற்கும் பொருந்துகிறது: பகுவியல்பு, பகாவியல்பு. எடுத்துக்காட்டில்தான் கவனம் வேண்டும். உங்கள் 'நிறை' எங்களுக்குத் 'திணிவு'. உங்கள் 'எடை'தான் எங்களுக்கு 'நிறை'. இரண்டும் பகுபவைதான் என்பதால் வகைப்பாடு கெடாது. ஆனால் அலகைக் கிராம் என்று போட்டால் எங்கள் பிள்ளைகள் ஆசிரியரைத் திருத்துவார்கள், அது நியூட்டனில் வர வேண்டியது என்று. அட்டவணையில் 'நிறை (திணிவு)' என்று இரண்டையும் போட்டுவிடுங்கள்.

---

போட்டுவிடலாம். பகுபண்பு வரிசையில் நிறை (திணிவு), கனஅளவு, மோல் எண்ணிக்கை, வெப்ப ஏற்புத்திறன். பகாப்பண்பு வரிசையில் அடர்த்தி, வெப்பநிலை, அழுத்தம், உருகுநிலை, தன் வெப்பம். நிறத்தையும் சேர்க்கச் சொல்லி ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வேண்டாம் என்பது என் எண்ணம். பெர்மாங்கனேட் கரைசல் கரண்டியில் வெளிர் ஊதாவாகவும் குடுவையில் கருஞ்சிவப்பாகவும் தெரியும், ஒளி கடக்கும் தடிமன் வேறு என்பதால். முதல் பாடத்திலேயே அந்த வம்பு எதற்கு?