புதுப்பிப்பு: மேசைக்கரண்டிக் கணக்கு தீர்ந்தது

மெல்பேண் அக்காவும் ரொறன்ரோ மாமியும் அனுப்பிய கேக் குறிப்புகளில் மேசைக்கரண்டி அளவு ஏன் ஒத்துவரவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர்; கனடாவிலும் பிரித்தானியாவிலும் 15. தேக்கரண்டி மூன்று நாட்டிலும் 5தான். ஆகவே அக்காவின் மேசைக்கரண்டிக்கு நான்கு தேக்கரண்டி, மாமியுடையதற்கு மூன்று. இனி எந்தக் குறிப்பு வந்தாலும் முதலில் தேக்கரண்டியாக மாற்றி எழுதிவிடுவேன்.

தேநீர் கலக்கும் கரண்டியை மட்டும் நம்பாதீர்கள். பாணி மருந்துடன் வரும் அளவுமூடியில் 5 மில்லிலீற்றர் கோடுவரை தண்ணீர் எடுத்து எங்கள் வீட்டுக் கரண்டியில் ஊற்றினேன். விளிம்பு தாண்டி வழிந்து சாசரில் சொட்டியது. மில்லிலீற்றர் பொறித்த அளவுக்கரண்டிகள் யாழ்ப்பாண நகரக் கடைகளிலேயே கிடைக்கின்றன, வாங்கிவிடுங்கள்.

கறித்தூள் கொஞ்சம் கூடினால் தேங்காய்ப்பால் விட்டுச் சமாளிக்கலாம். பேக்கிங் பவுடர் அப்படியல்ல; கூடினால் கேக் பொங்கி எழுந்து நடுவில் அமிழ்ந்துவிடும். அதைக் குவித்து அள்ளாமல், கத்தியின் முதுகால் தலைதட்டி அளந்து போடுங்கள்.

கப்பும் இப்படித்தான்: அவுஸ்திரேலியாவில் 250 மில்லிலீற்றர், அமெரிக்காவில் ஏறக்குறைய 240. மாவை நான் தராசில்தான் நிறுக்கிறேன்.