எம்.எக்ஸ்-5க்கு ஹார்ட்டாப் போட்டா நல்லா இருக்குமா? சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க

மாமரத்தடி:
வணக்கம். கொஞ்சம் அவசரம். என்கிட்ட மாஸ்டா எம்.எக்ஸ்-5 இருக்கு, துணிக்கூரையை மடிச்சுத் திறக்குற ரெண்டு சீட் கார். டர்பன் பக்கத்துல பைன்டவுன்ல ஒருத்தர் அதுக்கு ஹார்ட்டாப், அதாவது கழட்டி மாட்டுற கெட்டிக்கூரை, விக்கிறார், வெள்ளைக் கலர். சனிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம். போட்டா வண்டி பார்க்க நல்லா இருக்குமா, இல்ல துணிக்கூரையே அழகா? வீட்டுல ஹார்ட்டாப் வாங்குங்கறாங்க, தம்பி வேண்டவே வேண்டாங்கறான். துணிக்கூரையால தொந்தரவும் இருக்கு. போட்டோ அப்புறம் போடறேன்.

லெனேசியாகாரன்:
என்ன தொந்தரவு? எந்த வருஷம்? வண்டி என்ன கலர்? ஒண்ணுமே சொல்லாம அழகா இருக்குமான்னா எப்படி?

கடலோரம்:
என்.ஏ, என்.பி, என்.சி, என்.டி, இதுல எது அண்ணே?

மாமரத்தடி:
என்.டி தான். பழைய பிளேட்டு, இன்னும் மாத்தலை.

கடலோரம்:
😂 அண்ணே, டர்பன் நம்பர் பிளேட்ல வர்ற என்.டியைக் கேக்கலை. எம்.எக்ஸ்-5ல நாலு தலைமுறை இருக்கு. 1989ல வந்தது என்.ஏ, அதுக்கு முன்விளக்கு மேல எழும்பும். 1998ல இருந்து என்.பி. 2005ல என்.சி. 2015க்கு அப்புறம் வர்றதுதான் என்.டி. உங்க வண்டிக்கு விளக்கு எழும்புமா? பின்பக்க ஜன்னல் பிளாஸ்டிக்கா, கோடு போட்ட கண்ணாடியா?

மாமரத்தடி:
விளக்கு எழும்பாது. கண்ணாடிதான், கோடு இருக்கு. 2001. சிவப்பு.

கடலோரம்:
அப்ப என்.பி. ஹார்ட்டாப் என்.ஏவோடதா இருந்தாலும் என்.பியோடதா இருந்தாலும் உக்காரும். முன்கண்ணாடி மேல மாட்டுற கொக்கி, பக்கவாட்டுல மாட்டுற பிடி எல்லாம் சேர்த்துத் தர்றாரான்னு பாருங்க. வண்டி பாடியில அந்தப் பிடிக்கான பிளேட் இருக்கான்னும் பாருங்க. இல்லேன்னா அதைத் தேடி அலையணும்.

பழைய ஸ்பானர்:
தம்பி, இந்தக் கேள்வியே தப்பு. ஸ்போர்ட்ஸ் கார்னா கூரை இருக்கணும். கூரையை வெட்டினா பாடியோட விறைப்பு போயிடும். அதைச் சரிக்கட்ட கதவுக்கு அடியில ஓடற சட்டத்தை, அதான் சில்லை, தடிமனாக்கணும், எடை ஏறும். 1954ல வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல் ஏன் கதவை மேல தூக்குச்சுன்னு யாருக்காவது தெரியுமா? குழாய்ச் சட்டம் பக்கவாட்டுல அவ்வளவு உயரம், சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. 1957ல திறந்த ரோட்ஸ்டர் வந்தப்போ அந்தச் சட்டத்தையே மாத்த வேண்டியதாச்சு. இப்ப சொல்லுங்க, ரெண்டுல எதைப் பார்த்து உலகம் வாயைப் பிளந்துச்சு? அடிப்படை தெரியாம அழகு பேசக்கூடாது. இரும்புக்கூரை கிடைக்குதுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க.

கடலோரம்:
ஐயா, அது இரும்பில்லை. மாஸ்டா ஹார்ட்டாப் ஒருவகை பிளாஸ்டிக் கலவை, எடை 20 கிலோ சுமார். கொக்கி போட்டு மாட்டுற கூரையால பாடி விறைப்பு பெருசா ஏறிடாது. அந்த வண்டியைத் திறந்த வண்டியாவே வரைஞ்சாங்க. கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்ஷியலையும் ஒரே அலுமினியச் சட்டத்தால இணைச்சதும், அந்த இணைப்பு துவளாம இருக்கத்தான்.

லெனேசியாகாரன்:
அழகு இருக்கட்டும். எங்க ஊர்ல ரொபாட்ல, அதாவது சிக்னல்ல, நின்னா போதும், துணியைக் கத்தியால கிழிச்சு பையைத் தூக்கிட்டுப் போயிடுவான். அதுக்கு மேல ஆலங்கட்டி. 2013 நவம்பர்ல எங்க கௌடெங் மாகாணத்துல விழுந்ததை மறக்க முடியுமா? ஹார்ட்டாப் வாங்குங்க, முடிஞ்சது கதை.

கடலோரம்:
ஆலங்கட்டிக்கு பானட், பூட் எல்லாம் ஒண்ணுதான். கூரையை மட்டுமா பார்த்து விழும்? ரொபாட்ல ஜன்னலை உடைக்கறவன் ஹார்ட்டாப்பைப் பார்த்துக் கும்பிடு போட்டுட்டுப் போவானா?

மாரிட்ஸ்பர்க் அக்கா:
யாரும் அந்தத் தொந்தரவு என்னன்னு கேட்டு முடிக்கலையே. தம்பி, தண்ணி வருதா? எங்க?

மாமரத்தடி:
ஆமாக்கா. மழை பெஞ்சா டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கார்பெட் நனையுது. நாத்தமும் அடிக்குது. அதனாலதான் ஹார்ட்டாப் யோசனையே வந்துச்சு. மெக்கானிக் கூரைத்துணி போச்சு, புதுசு போடணும்ங்கறார்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
துணி கிழிஞ்சிருக்கா? தையல் விட்டிருக்கா? இல்லேன்னா பணத்தைக் குடுக்காதீங்க. கூரையில இறங்குற தண்ணி கதவுக்குப் பின்னாடி, சீட் பெல்ட் இருக்கற மூலையில போய், அங்க இருக்கற வடிகால் ஓட்டை வழியா வண்டிக்கு அடியில விழணும். ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. அது அடைச்சா தண்ணி உள்ள திரும்பும். கூரையைப் பாதி திறந்துட்டு அந்த மூலையில ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க. பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி தரையில சொட்டணும். சொட்டலேன்னா அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீங்க, குழாய் ஓட்டையாயிடும். புல்வெட்டி மெஷின்ல சுத்துற நைலான் கயிறு இருக்குல்ல, அதை மெதுவா விட்டுத் திருப்பணும். வண்டியை எங்க நிறுத்தறீங்கன்னு கேக்க வேண்டாம், உங்க பேரே சொல்லுது.

இன்னொண்ணு, துணி ஈரமா இருக்கும்போது மடிச்சு வச்சு மேல ஹார்ட்டாப்பை மாட்டிடாதீங்க. டர்பன் புழுக்கத்துக்குப் பூசணம் பிடிச்சுடும்.

பழைய ஸ்பானர்:
அக்கா சொன்னது சரிதான், ஆனா அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். துணிக்கூரை இருந்தாலே இந்தத் தொல்லைதான். மூடின வண்டிக்கு இந்த வேலையே கிடையாது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
ஐயா எங்க சொல்ல வந்தீங்க? 300 எஸ்.எல் கதவைத் திறந்துக்கிட்டு நின்னீங்க.

கடலோரம்:
😂😂 அழகுக்கே வர்றேன். ஐயா சொல்ற கூபேக்கும், அதாவது கூரையோடவே செஞ்ச வண்டிக்கும், ஹார்ட்டாப் மாட்டின ரோட்ஸ்டருக்கும் வித்தியாசம் இருக்கு. 1961ல ஜெனீவாவுல ஜாகுவார் ஈ-டைப் கூபேயைக் காட்டினாங்களே, அதுல கூரைக்கோடு முன்கண்ணாடியில ஏறி வால் வரைக்கும் ஒரே வழுக்கலா இறங்கும். என்.பியில ஹார்ட்டாப் போட்டா கூரை சட்டுனு முடிஞ்சு, பின்கண்ணாடி வேகமா இறங்கி, பூட் தனியா நிக்கும். கல்யாண மாப்பிள்ளைக்கு அளவு பார்க்காம வாங்கின தலைப்பா மாதிரி. சிவப்பு வண்டியில வெள்ளை வச்சா இன்னும் எடுப்பா தெரியும். வாங்கினா பெயின்ட் செலவையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

அதுக்காக துணியை மூடி வச்சா அழகுன்னும் சொல்ல மாட்டேன். மூடினா பின்பக்க மூலை தடிச்சு, உள்ள இருக்கற கம்பி மேடு தட்டிக் காட்டும். இந்த வண்டிக்கு அழகு திறந்து வச்சாத்தான். டர்பன் எம்4 கடலோர ரோட்டுல உம்ஹ்லாங்கா தாண்டி பாலிட்டோ பக்கம் சாயங்காலம் ஒருதரம் போய்ப் பாருங்க, யாரையும் கேக்க மாட்டீங்க.

பழைய ஸ்பானர்:
அப்புறம் ஏன் மாஸ்டாவே 2006ல என்.சிக்கு மடிக்கிற ஹார்ட்டாப் கொண்டுவந்தான்? 12 வினாடியில மடியும், பூட் இடம் குறையாது. அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? நம்ம தென்னாப்பிரிக்காவையே எடுத்துக்கங்க. கேப் டவுன்ல ஃபைபர்கிளாஸ் பாடி போட்டுச் செஞ்ச ஜி.எஸ்.எம் டார்ட் திறந்த வண்டி. அப்புறம் அதே கம்பெனி பிளமிங்கோன்னு மூடின வண்டி செஞ்சாங்க. ஏன்?

கடலோரம்:
விக்கத்தான் ஐயா, வேறெதுக்கு? டார்ட் ரேஸ்ல ஓடினப்போ யாரும் கூரை கேக்கலை.

லெனேசியாகாரன்:
டார்ட்டை எங்க சித்தப்பா கியாலமி ரேஸ் டிராக்ல பார்த்திருக்கார். திறந்ததுதான் அழகும்பார். ஆனா அவர் ஓட்டினது பாக்கி, அதான் பிக்கப் வண்டி.

மாமரத்தடி:
அக்கா, தண்ணி ஊத்தினேன், சொட்டவே இல்லை. கயிறு விட்டுத் திருப்பினதுல கறுப்பா சேறு, மாம்பூக் காம்பு, மக்கின இலை எல்லாம் வந்துச்சு. இப்ப தண்ணி நேரா கீழ போகுது. இடதுபக்கம் இன்னும் பார்க்கலை. நேத்து மழைக்குக் கார்பெட் காஞ்சே இருந்துச்சு. நன்றி. ஹார்ட்டாப் பத்தி வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
நல்லது. இடதுபக்கத்தையும் இன்னைக்கே பாருங்க. கார்பெட்டைத் தூக்கி அடியில இருக்கற பஞ்சை வெயில்ல போடுங்க, மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில ஊறியே கிடக்கும். நாத்தம் அதுலதான்.

பழைய ஸ்பானர்:
ஹார்ட்டாப் போட்டிருந்தா இந்த வேலையே வந்திருக்காது.

கடலோரம்:
ஓட்டை அடைபட்டது மாவிலையால ஐயா. ஹார்ட்டாப் போட்டா மரம் இலை உதிர்க்காதா?

பழைய ஸ்பானர்:
போட்டோ போடறேன்னார், எங்க?

ரோஸ்ஹில்:
மொரீசியஸ்ல இருந்து எழுதறேன். என்கிட்ட 2003 என்.பி, வெள்ளை. சனிக்கிழமை போயிடுச்சே, அந்த பைன்டவுன் ஹார்ட்டாப்பை அண்ணன் வாங்கிட்டாரா? இல்லேன்னா கப்பல்ல அனுப்ப விக்கிறவர் சம்மதிப்பாரான்னு யாராவது கேட்டுச் சொல்ல முடியுமா?